பதினேழாம் பெட்டியின் குண்டூசி

1

இந்தக் கதை ஒரு குண்டூசியிலிருந்து வந்தது. ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தேநீர் ஆறும் நேரத்துக்குள் சொல்லி முடித்தார். முடிவைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: 'நீதிபதி இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, அவருடைய சொந்தத் தாள்கள் நாற்பது பெட்டிகளில்—'

வேண்டாம். பெட்டியில் தொடங்கினால் நீதிபதிதான் பெரிதாகத் தெரிவார். அவருக்கு ஏற்கெனவே சிலை இருக்கிறது.

2

அவன் காப்பகத்தில் பட்டியல் எழுதுபவன். பழைய தாள்களிலிருந்து துருப்பிடித்த குண்டூசிகளை எடுப்பான். கடிதத்தைக் கடிதத்தோடும் குறிப்பைக் குறிப்போடும் சேர்ப்பான். பென்சிலால் எண் போடுவான். ஊசியை எடுக்கும் முன், எது எதோடு குத்தியிருந்தது என்று எழுதிவைக்க வேண்டும். அந்த வேலையில் முதல் பாடமே அதுதான்.

(முதல் வரைவில் அவனுக்கு மனைவி இருந்தாள். எடுத்துவிட்டேன். அவளுக்குப் பேச்சு எழுத எனக்கு வரவில்லை.)

அன்று மதியம் பதினேழாம் பெட்டியில் இருநூறு ஊசிகளை எடுத்தான். ஒன்றைக்கூட எழுதிவைக்கவில்லை. காரணம் எழுதிப் பார்த்தேன்: 'அன்று அவன் மனம்—' அடித்துவிட்டேன். எழுதவில்லை, அவ்வளவுதான். சில மதியங்களில் கை மட்டும் வேலைக்கு வந்திருக்கும்.

3

அந்த நீதிபதி ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார். பிறகு அரசியலுக்கு வந்து அமைச்சரானார். தூக்குத் தேதி குறிக்கப்பட்டதும், அவனுடைய மனைவி அனுப்பிய கருணைக் கடிதம் அவர் மேசைக்கே வந்தது. 'வெள்ளிக்கிழமை விடியற்காலை எல்லாம் முடிந்துவிட்டது. கடிதம் சனிக்கிழமைதான் என் கைக்கு வந்தது' என்று பின்னாளில் பேட்டி கொடுத்தார். அந்த வருத்தம் பாடப்புத்தகத்தில்கூட இருக்கிறது.

கடிதம் பதினேழாம் பெட்டியில் இருந்தது.* அதோடு ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. வியாழக்கிழமைத் தேதி. நீதிபதியின் கையெழுத்து: 'படித்தேன். தேவையில்லை.'

அந்த ஊசி எடுக்கும்போது உடைந்தது. அதனால் அது மட்டும் அவன் நினைவில் நின்றது. ஊசி போனபின் சீட்டு தனியாக ஒரு கோப்புக்குப் போனது. இனி அது எதைப் பற்றியதாகவும் இருக்கலாம். தையற்காரன் அனுப்பிய துணி மாதிரியைப் பற்றிக்கூட.

* உறை இருந்தால் அஞ்சல் முத்திரை உண்மையைச் சொல்லிவிடும், கதை தீர்ந்துவிடும். உறையைத் தொலைத்தது நான்.

4

தூக்கிலிடப்பட்டவனின் மகள் விண்ணப்பம் போட்டு வந்தாள். எழுபதை நெருங்கிய வயது.

"தம்பி, எங்கம்மாவோட கடுதாசி இங்க இருக்காமே?"

"இருக்கும்மா. உக்காருங்க, எடுத்துட்டு வரேன்."

"படிக்கிறதுக்கில்ல. அம்மா சொல்லச் சொல்ல எழுதினதே நான்தான். அப்ப ஒன்பது வயசு. பிழை நெறைய இருக்கும், சிரிக்காத. அது எந்தக் கிழம போய்ச் சேந்துச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"அம்மா திங்கக்கிழமையே குடுத்துவிட்டா. போற வழியில ஒரு நாய் குட்டி போட்டிருந்துச்சு. எண்ணிக்கிட்டே நின்னுட்டேன். தபால்காரன் பெட்டியத் தொறந்து அள்ளிட்டுப் போயிட்டான். மறுநாள்தான் போட்டேன். அம்மாகிட்ட சொல்லல. அவ சாகும்போதும் சொல்லல."

"எத்தன குட்டி?" ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

"ஆறு. ஒண்ணு செத்துக் கெடந்துச்சு."

5

மேலதிகாரியின் அறை.

"சார், ரெண்டும் ஒண்ணாக் குத்தியிருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"எங்க எழுதியிருக்க?"

"எழுதல."

"அப்ப குத்தியிருக்கவே இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீதிபதியோட குடும்பம் இன்னும் பத்தொம்பது பெட்டி தரணும். நீ கண்டது, கனா கண்டது எல்லாத்தையும் பட்டியல்ல ஏத்திடுவியா? வேலைக்கே உலை வெச்சுக்காத."

"துளை பொருந்துது சார்."

"என் சட்டையிலயும் ஊசி குத்தின துளை இருக்கு. அந்தச் சீட்ட இதுல வெச்சுப் பாரு, இதுவும் பொருந்தும்."

அவன் தன் மேசைக்கு வந்தான். இழுப்பறையில் புது ஊசிகள் ஒரு டப்பா இருந்தது. பழைய துளைகளில் ஒன்றைச் செருகிவிட்டால் தாள்கள் இருந்தபடியே ஆகிவிடும். உண்மைதான். ஆனால் அதற்கு மோசடி என்று பெயர்.

6

முடிவுகள்:

அ. 'வியாழக்கிழமையே வந்துடுச்சும்மா' என்கிறான். அறுபது ஆண்டுச் சுமை இறங்குகிறது. உடனே கேட்பாள்: "அப்ப படிச்சாரா?" இதற்கு மேல் கை ஓடவில்லை.

ஆ. 'தெரியலம்மா' என்கிறான். வேலை மிஞ்சுகிறது. அவள் அந்தக் குட்டிகளை இன்னும் எண்ணிக்கொண்டிருப்பாள்.

இ. தன் தவறையும் சேர்த்துப் பட்டியலில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். வேலை போகிறது. அவள்—

தெரிந்துகொள்வதே நல்லது என்று முன்பு நம்பினேன். பிறகு ஒரு மருத்துவமனை நடையில், "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா" என்று ஒரு டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மீதி வாக்கியத்தை நான் கேட்கவில்லை.

ஆகவே இந்த முடிவை எழுதத் தகுந்த ஆள் நான் இல்லை. அவனையும் எழுப்பி அனுப்பிவிட்டேன். நாற்காலி காலி, நீங்கள் உட்காருங்கள். எதிரே அவள். கடிதத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். அதை உங்கள் பக்கம் திருப்பிவிட்டாள்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.