ஆறாவது பாட்டு வருமுன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு செருப்புக் கடையில் பிறந்தது. கூரையில் பதித்த ஸ்பீக்கரில் ஒரு சினிமாவின் பாட்டுத் தொகுப்பு போய்க்கொண்டிருந்தது. படம் இரண்டே வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டது, பாட்டுகள் பிழைத்துக்கொண்டன. மொத்தம் பன்னிரண்டு. முதல் ஆறும் சில்-அவுட், சாய்ந்து உட்கார்ந்து கேட்கிற மெதுவான இசை. அடுத்த ஆறும் கிளப்பில் ஆட்டம் போட. பக்கத்தில் ஒருத்தி ஒற்றைக் காலில் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். நான் ஐந்து பாட்டு கேட்டேன். ஆறாவதைக் கேட்கத் தெம்பில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பாடும்.

2

முதல் தொடக்கம்: ‘அவள் கண்களில்—’

அடித்துவிட்டேன். காதால் பிழைக்கிறவளின் கதையைக் கண்ணில் தொடங்குகிற புத்தியை என்னவென்று சொல்ல!

இரண்டாவது தொடக்கம்: ‘ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டிய தொகுப்பின் ஆறாவது பாட்டுக்குள், மூன்றரை மணிக்கு, அவள் தன் அக்காவின் குரலைக் கேட்டாள்.’

இது தேவலை. ஆனால் சோற்றுப் பானையை அப்படியே கவிழ்த்த மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

3

ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயர் ‘காது’. மூன்று சுவர் தாண்டி ஒரு மின்விசிறி முனகினாலும் எந்த விசிறி என்று சொல்லிவிடுவாள். எல்லோரும் இசையமைத்து, பாடி, கலந்து முடித்த பிறகு கடைசியாக ஒலியைச் சீராக்கி வெளியே அனுப்புவது அவள் வேலை. இந்தத் தொகுப்பில் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி கூடாது. ஒன்றன் வால் அடுத்ததன் தலையில் கரையவேண்டும்.

இசையமைப்பாளர் அவளுடைய அக்காவின் முன்னாள் கணவர். விவாகரத்தாகி நான்கு வருடம். உறவு அறுந்தாலும் ‘மாமா’ என்ற சொல் மட்டும் அவள் வாயை விட்டுப் போகவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சிக்கல் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். ஆறாவது பாட்டு நிமிடத்துக்கு அறுபத்திரண்டு தட்டு, ஏழாவது நூற்றிருபத்து நான்கு. சரியாக இரட்டிப்பு. தட்டோடு தட்டு பொருந்துகிறதா என்று பார்க்க, அவள் ஆறாவதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினாள்.

அதுவரை ஆண்குரல் ஹம்மிங் போல அடியில் உருண்டுகொண்டிருந்த ஒன்று, மேலே ஏறி, பெண்குரலாகி, பேசியது.

[இங்கே பதினோரு சொற்கள் இருந்தன. எடுத்துவிட்டேன்.]

எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் அக்கா யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். யாரிடமோ என்ன யாரிடமோ! கதவுக்கு வெளியே சோபாவில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்த மாமாவிடம்தான்.

(அடிக்குறிப்பாகப் போடவேண்டியது: வீட்டில் எல்லோருக்கும் அக்கா சொல்லிவைத்திருந்த கதை வேறு. “நான்தான் விட்டுட்டு வந்தேன், திரும்பிக்கூடப் பாக்கல.” அந்த ஒரு வாக்கியத்தை ஊன்றிக்கொண்டுதான் அவள் எழுந்து நின்றாள், வேலைக்குப் போனாள், மறுபடி சிரித்தாள்.)

4

மாமாவை வில்லனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஆள் கையில் நிற்கவில்லை. அவள் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டவுடன் அவர் முகம் வெளிறிப்போனது. வில்லனுக்கு முகம் வெளிறக்கூடாது.

“வேணும்னு பண்ணல,” என்றார். “டைரக்டர் சீனை எடிட் பண்றதுக்கு சும்மா ஒரு ட்யூன் கேட்டாரு. அப்புறம் மாத்திக்கலாம்னு கைக்குக் கிடைச்சதைப் பாதி வேகத்துல போட்டேன். அவருக்கு அதுவே பிடிச்சுப்போச்சு. மாத்துனா சண்டைக்கு வராரு.”

“கைக்குக் கிடைச்சதுன்னா? அக்கா அழுதது உங்க போன்ல பத்திரமா இருந்துச்சா?”

“அழிக்க மனசு வரல.”

“போனை எடுத்துப் பேச மட்டும் மனசு வரல.”

அவர் தரையைப் பார்த்தார். “பாதி வேகத்துல அது வெறும் சத்தம்மா. யாருக்குத் தெரியப்போகுது?”

“மாமா, வேகத்தை ஏத்தி இறக்குறதுதான் டிஜேக்கு வேலையே. ஏழோட சேர்க்கிற ஒவ்வொருத்தனும் இதை இரட்டிப்பாக்குவான். முந்நூறு பேர் குதிப்பாங்க, மேல அக்கா கெஞ்சிட்டிருப்பா.”

மணி நாலு இருபது. குரலை எடுத்தால் பாட்டில் மிஞ்சுவது தட்டு மட்டும். டைரக்டர் கண்டுபிடித்தால் அவள் வேலை போகும். எடுக்காவிட்டால்—

இந்த வாக்கியத்தை மூன்று முறை முடித்துப் பார்த்தேன். மூன்றும் பொய்யாக இருந்தன.

5

நாலு நாற்பதுக்கு அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். (கூப்பிடாமலே விட்டுவிடும் ஒரு வடிவமும் எழுதினேன். அதில் அவள் எனக்குப் பிடிக்காதவளாகிப்போனாள்.)

“அக்கா, மாமாவோட பாட்டுல உன் குரல் இருக்கு. போன்ல அவர்கிட்ட நீ பேசினது.”

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்தும் சத்தம்.

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

“முழுசாவா?”

“...முழுசா.”

‘காது’க்கு எல்லாம் கேட்டது. அக்கா மூச்சை இழுத்தது, அதை விடாமல் வைத்திருந்தது.

“உனக்குத் தெரியக்கூடாதுன்னுதாண்டி இத்தனை வருஷம்...” என்றாள் அக்கா. “நீயே கேட்டுட்ட. இனிமே ஊர் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? உனக்குத் தோணுறதைப் பண்ணு. என்ன பண்ணினேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத.”

வைத்துவிட்டாள்.

6

இப்போது முடிவுகள்.

(அ) அவள் குரலை அழித்து அனுப்புகிறாள். கௌரவமான முடிவு. ஆனால் அக்காவின் வாயைப் பொத்தியவர்கள் கணக்கில் அவளும் சேர்ந்துவிடுகிறாள்.

(ஆ) அப்படியே அனுப்புகிறாள். துணிச்சலான முடிவு, அடுத்தவள் மானத்தை வைத்து.

(இ) மாமா உள்ளே வந்து தானே அழிக்கிறார். ஆசைக்கு எழுதியது. அவர் சோபாவை விட்டு எழவே இல்லை.

நாலு ஐம்பத்தெட்டுக்கு ஏதோ ஒன்றை அனுப்பினாள். அனுப்பினேன்.

ஆமாம், நான்தான். ‘அவள்’ என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அக்கா கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எழுந்து போய்விடுவேன்.

7

செருப்புக் கடைக்குத் திரும்புவோம். ஒற்றைக் காலில் புதுச் செருப்போடு கண்ணாடி முன் நின்றவள் என் அக்கா.

ஐந்தாவது பாட்டு தேய்ந்துகொண்டிருந்தது. அதன் வாலை ஒட்டியவள் நான். இன்னும் எத்தனை வினாடி என்று எனக்குத் தெரியும். கல்லாவுக்கு ஓடினேன். “பாட்டை நிறுத்துங்க. தயவுசெஞ்சு.” கடைக்காரர் பதறிப்போய் நிறுத்தினார். கடை முழுக்க அமைதி. அக்கா திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், கூரை ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“போடச் சொல்லு,” என்றாள். “நீ என்ன பண்ணினேன்னு நானும் கேக்கறேன்.”

கடைக்காரரின் விரல் பொத்தான் மேல் இருக்கிறது. அவர் என்னைப் பார்க்கிறார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். என்னால் முடிவெடுக்க முடியவில்லை, நீங்கள்தான் சொல்லவேண்டும்: போடச் சொல்லட்டுமா?