குப்பை பிரிக்கும் ஞாயிறு

மியோங்ஹோ நாலு அட்டைப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு கீழே வந்தபோது, அடுக்குமாடிக் காவலாளி பியோ கையில் இடுக்கியோடு நின்றிருந்தார். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் காகிதத்துக்கு, கண்ணாடிக்கு, தகரத்துக்கு, பிளாஸ்டிக்குக்கு என்று பெரிய பெரிய சாக்குகளை வரிசையாகக் கட்டியிருந்தார்.

பியோ முன்பு பஸ் ஓட்டியவர். தயிர் டப்பாவைக் கழுவாமல் கொண்டுவந்த ஒரு பையனிடம், "இதை நான் ஏத்த மாட்டேன் தம்பி, இறங்கிடச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மியோங்ஹோவைப் பார்த்ததும் திரும்பினார்.

"என்ன சேரின் அப்பா, வாரா வாரம் ரெண்டு நூடுல்ஸ் கப்போட வருவீங்க. இன்னைக்கு வீட்டையே காலி பண்றீங்களா?"

"பழசெல்லாம் கொஞ்சம் சேந்துபோச்சு, ஐயா."

மகள் சேரினின் படிப்புக்காக மனைவி ஹேவோன் அவளை அழைத்துக்கொண்டு கனடா போய் நாலு வருஷம். இங்கே சம்பாதித்து அங்கே அனுப்பிவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை பறந்து போய்ப் பார்த்து வருகிறவர்களைக் காட்டுவாத்து அப்பா என்பார்கள். மியோங்ஹோவும் அப்படித்தான் இருந்தான். போன புதன்கிழமை ஹேவோன் போனில் கூப்பிட்டு, "நாங்க இனிமே வரப் போறதில்லங்க. வக்கீல் பேசுவார். அவ்வளவு பெரிய வீடு உங்களுக்கு எதுக்கு, சின்னதா ஒண்ணு பாத்துக்கங்க" என்றாள். அவன் சரி என்றான். பிறகு, அங்கே பனி கொட்டுகிறதா என்று கேட்டான். இல்லை, மழைதான் என்றாள். போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினான்.

இப்போது தரையில் குந்தி சேரினின் பழைய பயிற்சிப் புத்தகங்களை எடுத்தான்.

"கம்பிச் சுருளை உருவிட்டுப் போடுங்க. மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளையும் கிழிச்சிடுங்க, அது காகிதத்துல சேராது" என்றார் பியோ.

அவன் ஒவ்வொன்றாக உருவினான். கம்பி தகரத்துக்கு, மேல்தாள் பிளாஸ்டிக்குக்கு, உள்ளே இருந்தது காகிதத்துக்கு. கணக்குகளுக்குப் பக்கத்தில் சரி என்று ஆசிரியை போட்ட சிவப்பு வட்டங்கள் தெரிந்தன. பார்த்தான், போட்டான். மனசு ஒன்றும் சொல்லவில்லை. விரல்தான் கம்பியில் கிழிபட்டு எரிந்தது.

சேரின் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சனிக்கிழமை சாயங்காலம்.

"அப்பா, வெளியிலயா இருக்கீங்க?"

"ஆமா கண்ணு. குப்பை தரம் பிரிச்சிட்டிருக்கேன்."

"அப்படின்னா?"

தாய்மொழியில் அந்தச் சொல் அவளுக்கு மறந்துபோயிருந்தது. இங்கே இருந்தபோது, பாட்டில் மூடிகளைக் கழற்றித் தருவது அவள் வேலை.

"எது எதோட சேருமோ அது அதைத் தனியா வைக்கிறது."

"ஓ. அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க அப்பா."

"போ, சாப்பிடு."

கடைசிப் பெட்டியில் செருப்பும் பூட்ஸும் இருந்தன. பழந்துணியும் காலணியும் போடும் பெட்டிக்குள் ஜோடி பிரியாமல் கட்டித்தான் போட வேண்டும். பியோ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பூட்ஸின் நாடாவை முடிச்சுப் போட்டார். அடியில் கிடந்த சக்கரக் காலணிகளைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல துணி, இரும்பு, பிளாஸ்டிக்கு எல்லாம் கலந்து கிடக்கு. பிரிக்கவும் முடியாது, போடவும் முடியாது."

மூன்றாம் மாடி தாஹின் அம்மா பீங்கான் உடைசலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, இது நல்லாத்தானே இருக்கு? எங்க தாஹின் உயிரை வாங்கிட்டிருக்கா இதுக்கு. ஆனா சேரின் லீவுக்கு வந்தா கேப்பாளே?"

"வரமாட்டா" என்றான் மியோங்ஹோ. "ரெண்டு பேரும் வரமாட்டாங்க. நானும் வர்ற புதன்கிழமை காலி பண்றேன்."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தன் குரலே பக்கத்து வீட்டுக்காரன் பேசுவதுபோல் கேட்டது. பியோ சக்கரக் காலணிகளைக் கீழே வைத்தார். தாஹின் அம்மா அவற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்துக் கேட்டாள்:

"அளவு என்ன?"

"உள்ள போட்டிருக்கும், பாருங்க."

அம்மா கூப்பிட்டதும் தாஹின் ஓடிவந்து அங்கேயே மாட்டிக்கொண்டாள். கொஞ்சம் பெரிது. கார்களுக்கு நடுவே தடுமாறி, கம்பத்தைப் பிடித்து, திரும்பவும் கிளம்பினாள். மியோங்ஹோ பார்த்துக்கொண்டே நின்றான். அழுகை வந்தால் தேவலை என்று தோன்றியது. வரவில்லை. சக்கரச் சத்தம் மட்டும் காதில் விழுந்தது.

பியோ தன் காவல் கூண்டுக்குள் போய் ஒரு கப் காப்பி கலந்து கொண்டுவந்தார். "குடிங்க" என்றார். அவன் குடித்து முடித்ததும் கப்பை வாங்கிக்கொண்டார். அப்புறம், "கட்டில், பீரோல்லாம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"எதெது வேண்டாம்னு நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுங்க. பெரிய சாமான் எடுக்கிற வண்டி செவ்வாய்க்கிழமைதான் வரும். தூக்க நான் வர்றேன்."

"உங்களுக்கு முதுகு வலின்னு சொன்னீங்களே?"

"அது பாட்டுக்கு வலிக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்து கட்டிலை இறக்கினார்கள். மறுநாள் மியோங்ஹோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனான். மேசை இன்னும் வந்து சேரவில்லை. முதல் ராத்திரி ஜன்னல் திண்டில் வைத்துச் சாப்பிட்டான்.