ரேடியோவும் வேர்க் கஷாயமும்

அந்த பஸ் கண்டக்டருக்கு ரேடியோ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். காலையில் பல் விளக்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி தலையணையில் தலை சாய்கிறவரை மனிதர் ஓயமாட்டார். தூக்கத்தில்கூட “உள்ள போங்க, உள்ள போங்க” என்று புலம்புவார் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த காலம் உண்டு. அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு பகல் முழுக்க வாயே திறக்காமல் உட்காரச் சொன்னார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார் என்றால், விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

மனைவிக்கு நோய் வந்து, ஆபரேஷன் ஆகி, குணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நோய் போன பிறகும் பயம் மட்டும் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைக்கிறவள், ஒரு வாரம் கழித்துத் தந்தால் போதும் என்று வரும் துணியைக் கையால் தொடமாட்டாள். அதுவரைக்கும் நான் இருக்கணுமே என்று பால் கணக்கு சொல்வது போலச் சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோப்பாள்.  மறுபரிசோதனைக்கு இரண்டு தடவை தேதி வாங்கினார்கள். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வாசல்வரை போய், அவள் படியேற மாட்டேன் என்றதும் திரும்பி வந்தார்கள். போகாமலே இருந்தால் நோய் திரும்பி வந்தாலும் தெரியாதே என்று டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். கடைசியில் அவரேதான் வேரம்மாவின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

வேரம்மா முன்னாள் நர்ஸ். கொல்லையில் அவரே வளர்க்கும் ஒரு செடியின் வேரைக் காய்ச்சிக் கொடுப்பார். அதற்கு முறையான அனுமதியும் வைத்திருந்தார். குடித்தவர்களுக்குச் சில மணி நேரம் மனசுக்குள் பூட்டிவைத்ததெல்லாம் கண்முன் வந்து நிற்கும். செத்தவர்கள் வருவார்கள், சுவரில் நிறம் ஓடும், சிரிப்பு வரும், அழுகையும் வரும். ஜாலிக்குக் குடிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். மற்றவர்களைப் பல நாள் வரச்சொல்லி, உட்காரவைத்துப் பேசி, உடம்பைப் பார்த்து, அப்புறம்தான் அடுப்பையே மூட்டுவார்.

“கஷாயம் பாதிதாம்மா. மீதிப் பாதி இந்த அறை, இந்த வெளிச்சம், பக்கத்துல இருக்கிற ஆளு. உள்ள போறவங்களுக்குத் திரும்பி வர வழி தெரியணும் பாருங்க” என்றார்.

அந்த மீதிப் பாதிக்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மனைவி வீட்டில் விரிக்கும் பழைய போர்வையைக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னலுக்கு அவள் கையாலேயே ஒரு திரை தைக்கச் சொன்னார். கடிகாரம் வெளியே போயிற்று, காலண்டர் வெளியே போயிற்று, மருந்து வாசனை வருகிறதென்று தரை துடைக்கும் திரவமும் வெளியே போயிற்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்றைக்கு ஆணி அடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்து, ரேடியோவை ஏற இறங்கப் பார்த்தார்.

துணைக்கு உட்காருகிறவர் பேசக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். கை நீட்டினால் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பேசினால் உள்ளே போனவர் தன் வழியை விட்டுவிட்டு, பேசுகிறவர் பின்னால் போய்விடுவாராம். ரேடியோ தலையாட்டினார்.

ஆட்டிவிட்டு, அந்த வாரமே பஸ்ஸில் ஒத்திகை பார்த்தார். வெறும் விசில், வெறும் டிக்கெட், வாயில் கொழுக்கட்டை. தினமும் வருகிற பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் யாருக்காவது முடியலையா என்று ஒரு டீச்சர் காதோடு விசாரித்தார். டிரைவரோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். ரேடியோவுக்கு ஒரே பெருமை. தேறிவிட்டோம் என்று நினைத்தார்.

குறித்த நாள் வந்தது. காலையில் மூன்று பேரும் கால் கழுவிக்கொண்டு அந்த அறைக்குள் போனார்கள். வேரம்மா சின்ன விளக்கை ஏற்றிவைத்து, எதற்காக வந்தாய் என்று அவள் வாயாலேயே சொல்லச் சொன்னார். “ஒரு நாளாவது பயப்படாம இருக்கணும்” என்றாள் அவள். கஷாயத்தைக் குடித்து, கசப்பில் முகத்தைச் சுளித்து, தன் போர்வையில் படுத்துக் கண்ணைத் துணியால் மூடிக்கொண்டாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. திரை வழியாக இளவெயில் வந்தது. அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்து வந்து போயிற்று. எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கேட்க ரேடியோவுக்கு நாக்கு துறுதுறுத்தது. முழுங்கினார். தாகமா என்று கேட்க வந்ததையும் முழுங்கினார். வயிறு நிறைந்துபோகிற அளவுக்கு முழுங்கினார்.

திடீரென்று அவள் விரல்கள் போர்வையைப் பற்றின. உடம்பு நடுங்கியது. “என்னங்க” என்று கையை நீட்டினாள். சொல்லிக்கொடுத்தபடி பிடித்துக்கொண்டார், பேசவில்லை. நடுக்கம் கூடியது.

“என்னங்க, ஏன் பேசமாட்டேங்கிறீங்க? டாக்டர் என்ன சொன்னாரு?”

ரேடியோவுக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிரே அவர் வாயடைத்து நின்றது ஒரே ஒரு தடவைதான். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, பெஞ்சில் காத்திருந்தவள் முன்னால், சொல்ல வார்த்தை இல்லாமல் நின்றாரே, அன்றைக்கு. அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் அவள் தன் நோயைத் தெரிந்துகொண்டாள். இப்போது அதே மௌனத்தை ஒரு வாரம் ஒத்திகை பார்த்து, கொண்டுவந்து அவள் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.

கண் கலங்க வேரம்மாவைப் பார்த்தார். அந்தப் பெஞ்சுக் கதையை அவள் வாயால் முன்பே கேட்டிருந்த அவருக்கும் புரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்து வந்தார்.

“தப்பு என்னோடது. எல்லாத்தையும் பாத்துப் பாத்து வெச்சுட்டு, உங்க குரலை வெளியே நிறுத்திட்டேன். பேசுங்க. அவங்களை இழுக்காதீங்க, கூடவே போங்க” என்றார் மெதுவாக.

பேசலாம் என்று உத்தரவு கிடைத்தது. இந்தக் கூத்தை என்ன சொல்ல, ரேடியோவுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தைரியமாயிரு என்று சொல்லலாம், அதை ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது.  அப்புறம் என்ன தோன்றியதோ, வாய் தானாகத் திறந்தது.

“மார்க்கெட். மார்க்கெட் இறங்குறவங்க முன்னாடி வாங்க. யம்மா, கூடையை வழியில வெக்காதம்மா.”

அவள் மூச்சு ஒரு கணம் நின்று, மெல்ல இறங்கியது. ரேடியோ விடவில்லை. கோர்ட்டு வந்தது, வக்கீல்களை வம்புக்கு இழுத்தார். தண்ணித் தொட்டி வந்தது, படியில் தொங்குகிறவர்களைத் திட்டினார். அவள் பிடி தளர்ந்து, முகம் தெளிந்தது. அடுத்த நிறுத்தம் நினைவுக்கு வந்ததும் அவருக்கு வியர்த்தது. அதைத் தாண்டி ஒரே தாவாகத் தாவி, பள்ளிக்கூடம் என்றார்.

“நடுவுல ஒண்ணு இருக்கே” என்றாள் அவள், கண் திறக்காமல்.

“ஆஸ்பத்திரி” என்றார். 

“நிறுத்துங்க. நான் இறங்கிப் பாத்துட்டு வரேன். வண்டி நிக்கும்ல?”

“நிக்கும்மா. நீ வர்ற வரைக்கும் நிக்கும்.”

 அவள் கை அவர் கைக்குள் இருந்தது. துணிக்கடியிலிருந்து கண்ணீர் வழிந்து காதோரம் போயிற்று. உதடுகள் யாரிடமோ எதையோ சொல்லின. வேரம்மா ரேடியோவிடம் பொறுங்கள் என்று கண்ணால் சொன்னார். ஜன்னல் வெயில் தரையில் பாதி தூரம் நகர்ந்துவிட்டது. ரேடியோ நிறுத்திய வண்டிக்குக் காவல் இருப்பவர் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏறிட்டேங்க. ரைட் குடுங்க.”

ரேடியோ வாயைத் திறந்தார். ரைட்டுக்குப் பதில் விம்மல் வந்தது. இன்னொரு தடவை முயன்றார், காற்றுதான் வந்தது. வேரம்மா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து, ஜன்னல் அதிர இரண்டு விசில் கொடுத்தார். போர்வையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரண்டு புரண்டு சிரித்தாள். ரேடியோ அழுதுகொண்டே சிரித்தார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது.

சாயங்காலம் கஷாயத்தின் பிடி முழுக்க இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து, தட்டில் இருந்த பழத்தையெல்லாம் ஒன்று விடாமல் தின்று தீர்த்தாள். ஆஸ்பத்திரியில் என்ன பார்த்தாய் என்று வேரம்மாதான் கேட்டார்.

“அதே பெஞ்சுல நான் உக்காந்திருந்தேங்க. போன வருஷத்து நானு. எலும்பும் தோலுமா, மடியில பையை வெச்சுக்கிட்டு, யாராவது வந்து ஏதாவது சொல்லுவாங்களான்னு பாத்துக்கிட்டு. பாவமா இருந்துச்சு. எழுந்து வாடி, வண்டி நிக்குதுன்னு கூட்டிட்டு வந்துட்டேன்.”

ரேடியோ மூக்கை உறிஞ்சினார்.

“அப்ப ரெண்டு டிக்கெட் ஆச்சே” என்றார்.

அவள் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். இன்னொரு பழம் இருக்கிறதா என்று தட்டைப் பார்த்தாள்.

“நாளைக்கே போயி பரிசோதனைக்குத் தேதி வாங்கிட்டு வந்துடுங்க. அங்க இப்ப எனக்காக யாரும் உக்காந்திருக்கல” என்றாள்.