வெள்ளிக்கிழமைக்கு ஒரே பெயர்

டீ மேசையில் சவுண்ட் இன்ஜினியர் மறந்து வைத்துவிட்டுப் போன காகிதத்தைத் தபாலம்மா படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டாள். பதினோரு வருஷமாகத் துப்பறிகிறவளுக்குக் கண் சும்மா இருக்குமா?

துப்பறிவதெல்லாம் குரலில்தான். வேறு மொழியிலிருந்து வரும் தொடர் அது. ஒரு சின்ன ஊர், அங்கே தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள், வாரம் ஒரு கொலை. அந்த அம்மாளுக்குத் தமிழ்க் குரல் இவள். டப்பிங் ஸ்டூடியோவில் இவளுடைய சொந்தப் பெயரே எல்லோருக்கும் மறந்துவிட்டது. வாட்ச்மேனுக்கும் தபாலம்மா, கூட நடிப்பவர்களுக்கும் தபாலம்மா.

அந்தத் தொடரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. போன மாதம் பல் டாக்டர் வாசலில் ஒரு பெண்மணி இவள் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாரா வாரம் ஒரு பொணம் விழுதும்மா, எனக்கு அவ்வளவு நிம்மதியா இருக்கு!" என்றாள். சிரிக்க வேண்டாம், யோசித்தால் நியாயம்தான். தப்பு செய்தவர் ஒருத்தர், அவர் யார் என்று ஐம்பது நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் மிச்சம் இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்களாகி டீ குடிப்பார்கள். நம் வீடுகளில் இந்த வசதி ஏது? இங்கே எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள், யாரையும் யாரும் கூட்டிக்கொண்டு போவதும் இல்லை.

விஷயத்துக்கு வருவோம். கதை வெளியே கசியக் கூடாது என்று குரல் கொடுப்பவர்களுக்கு அவரவர் பக்கங்களை மட்டுமே தருவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை மற்ற காட்சிகள். வெள்ளிக்கிழமை கடைசிக் காட்சி. கொலைகாரராகப் பேசப் போகிறவர் அதுவரை பெற்ற தாயிடம்கூட மூச்சு விடக் கூடாது. யாரென்று தபாலம்மாவுக்கே வெள்ளிக்கிழமை மைக் முன்னால் நிற்கும்போதுதான் தெரியும். பதினோரு வருஷத்தில் அவள் இல்லாத வெள்ளிக்கிழமை ஒன்றுகூடக் கிடையாது.

அந்தக் காகிதம், யார் என்றைக்குப் பேச வர வேண்டும் என்ற பட்டியல். அதில் வெள்ளிக்கிழமைக்கு நேராக ஒரே ஒரு பெயர் இருந்தது. கீச்சுவின் பெயர்.

கீச்சு, பிணத்தைப் பார்த்து அலறுகிறவள். அலறல் இல்லாத வாரங்களில் "டீ ரெடிங்கம்மா" சொல்லும் வேலைக்காரி. தொடர் ஆரம்பித்த வருஷமே தபாலம்மாதான் அவளை இந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டை இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

கீச்சு தன் இடத்துக்கு வருகிறாள் என்று தபாலம்மா முடிவு கட்டினாள். இரண்டு மாதமாக அவளுக்குத் தொண்டை கட்டுகிறது. மூன்றாவது டேக்கில்தான் குரல் வழிக்கு வருகிறது. டைரக்டர் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் பயமே. இந்தக் குரலும் போய்விட்டால் அவளிடம் என்ன மிச்சம்? வீட்டுக்காரரே டிவியில் அவள் பேசினால்தான் காது கொடுத்துக் கேட்கிறார்.

அப்புறம் எல்லாம் தானாகக் கோத்துக்கொண்டது. கீச்சு கொஞ்ச நாளாகக் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள். "நீங்க எப்படிக்கா அவசரமே படாம பேசறீங்க?" என்று கேட்டாள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருகிறாள். செவ்வாய்க்கிழமை டைரக்டர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் இருந்தாள். வெளியே வந்தவள் தபாலம்மாவைப் பார்த்ததும் ஏதோ பக்கங்களைப் பைக்குள் திணித்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வியாழக்கிழமை மதியம் டீ இடைவேளையில் தபாலம்மா எழுந்து நின்றாள். "எல்லாரும் கொஞ்சம் உட்காருங்க," என்றாள். தொடரில் வாராவாரம் சொல்வது அதுதான். விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

"நம்ம கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு ஒருத்தி என் குரலைத் திருடியிருக்கா," என்று ஆரம்பித்தாள். அருமையான குரல் அன்றைக்கு, ஒரு பிசிறு இல்லை. கட்டின தொண்டை இதற்கு மட்டும் திறந்துகொண்டது. தாழ்ந்த குரல், வெந்நீர், சாத்திய கதவு, பைக்குள் போன பக்கங்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் விரலை நீட்டினாள். "என் சோத்தைத் தின்னுட்டு என் இடத்துக்கே அடி போட்டியேடி!"

கீச்சுவின் முகம் வெளுத்துவிட்டது. டைரக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தபாலம்மா, இந்த வாரம் கொலைகாரி அவங்கதான்," என்றார். "கடைசிக் காட்சி முழுக்க அவங்க மட்டும்தான் பேசறாங்க. உங்களுக்கு வசனமே இல்லை, உட்கார்ந்து கேக்கறதோட சரி. அதான் உங்களைக் கூப்பிடலை."

கீச்சு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பதினோரு வருஷம் கழிச்சு ஒரு கொலை குடுத்தாங்கக்கா. வெளிய சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தேன்." கதவுப் பக்கம் போனவள் திரும்பினாள். "நான் உங்க குரலைத் திருடுவேன்னு உங்களுக்குத் தோணியிருக்கு. எனக்கும் ஒரு நல்ல வேஷம் கிடைக்கும்னு மட்டும் தோணவே இல்ல, இல்ல?"

கீச்சு சொன்னது அத்தனையும் உண்மை, அதுதான் கொடுமை.

மறுநாள் தபாலம்மா யாரும் கூப்பிடாமலே போய் ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே கீச்சு பேசிக்கொண்டிருந்தாள். தன்னைத் தங்கையாக நினைத்து வளர்த்தவளே தன்னை நம்பவில்லை என்று அவளைக் கொன்றுவிட்டவளின் வாக்குமூலம் அது. அவசரமே இல்லை. ஒரே டேக். இன்ஜினியர் விசையிலிருந்து கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். "வந்ததுதான் வந்தீங்க, கடைசியில தபாலம்மா விடற பெருமூச்சை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

உள்ளே போய்க் கீச்சுவின் பக்கத்து மைக்கில் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். இவளுக்குப் பெருமூச்சு வரவில்லை. "தப்பு என்னுதுதான்," என்று வந்தது.

கீச்சு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது வசனத்துல இல்லக்கா," என்றாள்.

இத்தனைக்குப் பிறகும் அக்கா என்றுதான் வந்தது அவள் வாயில். தபாலம்மா மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.