புரட்டாசிக்குப் பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை

எங்கள் வீட்டில் ரத்தப் பரிசோதனைக்கும் நாள் பார்ப்பதுண்டு. புரட்டாசி கடைசிச் சனி முடிந்த திங்கட்கிழமைதான் அந்த நாள். என் வீட்டுக்காரர் வேலாயுதம் கண்டுபிடித்த தந்திரம் இது. மாதம் முழுக்கச் சைவம் இருந்துவிட்டு, தீபாவளி ஆட்டுக்கறி அடுப்பில் ஏறுவதற்குள் ஓடிப்போய் ரத்தம் கொடுத்துவிடுவார். டாக்டரும் தாளைப் பார்த்து, "பரவால்லையே" என்பார். அப்புறம் அடுத்த புரட்டாசி வரைக்கும் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது.

இந்த வருடம் நானும் கூடவே கொடுத்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நின்றதில் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் தீவின் ஒரு கோடியில் இருக்கிற பூன் லே ரயில் நிலையத்தில், "மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க" என்று நாள் முழுக்க நின்றுகொண்டே கத்துகிற வேலை எனக்கு. அந்த நிம்மதியை ஆண்களிடம் சொன்னால் புரியாது.

முடிவு வாங்கப் போனோம். டாக்டர் யும்னா சின்ன வயசு, நன்றாகத் தமிழ் பேசுவார். முதலில் என் வீட்டுக்காரர் தாளைப் பார்த்தார். வழக்கம்போல நன்றாக இருந்தது. என்னுடையதில் கெட்ட கொழுப்பு எகிறிப்போய் நின்றது.

"டாக்டர், இவ எனக்குத் தெரியாம எங்கயோ சாப்பிட்டிருக்கா லா" என்றார் என் வீட்டுக்காரர். "வேலை முடிஞ்சு வர்ற வழியெல்லாம் பிரியாணிக் கடைதான்."

எனக்கு வந்ததே கோபம்! "ஏங்க, ஒரே சாம்பார், ஒரே அப்பளம். உங்க தட்டுல விழுந்ததுதான் என் தட்டுலயும் விழுந்துச்சு. நான் என்ன திருட்டுத்தனமாவா தின்னேன்?"

"அங்கிள், கொஞ்சம் இருங்க. ஆன்ட்டி, உங்களுக்கு பீரியட்ஸ் எப்ப நின்னுச்சு?"

சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். "அதுதான். நிக்கிற சமயத்துல உடம்புல ஒரு ஹார்மோன் குறைஞ்சிடும். அதுவரைக்கும் கொலஸ்ட்ராலை ஓரளவு அடக்கி வெச்சிருந்தது அதுதான். சாப்பாடு மாறாட்டியும் அந்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல ஏறலாம். கண்டுக்காம விட்டா ரத்தக் குழாய்ல படிஞ்சுக்கிட்டே போகும். பல வருஷம் கழிச்சு இதயத்துல வந்து காட்டும். அதனால இப்பவே பார்ப்போம்." அப்புறம் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அங்கிள், நீங்க தீபாவளி முடிஞ்சதும் இன்னொரு தடவ ரத்தம் கொடுங்க."

மனிதர் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு மாத்திரை எழுதிக்கொண்டே டாக்டர் சொன்னார். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாத்தான் ஹார்ட் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. சில பேருக்கு முதுகு வலிக்கும், தாடை வலிக்கும். மாடி ஏறினா வரும், நின்னாப் போயிடும். அப்படி ஏதும் இருந்தா உடனே வரணும்."

தாடை என்றதும் எனக்கு அக்கா நினைவு வந்தது.

என் அக்கா பூவம்மாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. தீவின் மறுகோடியில் பொங்கோலில் தனியாக இருக்கிறாள். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவம், அதுவும் இருபது வருடமாக. கோயில் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. ரத்தப் பரிசோதனை என்று பேச்செடுத்தால், "கறி திங்கிறவங்களுக்கு இருக்கிற வேலை அது" என்பாள். போன வாரம் இரண்டு பேரும் தீபாவளிச் சேலை எடுக்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். மாடிப்படியில் பாதி ஏறியதும் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பல் வலி என்றாள். பல் டாக்டரிடம் காட்டியாயிற்றாம், அவர் பல்லில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாராம். நான் கீழே போய்க் கிராம்பு வாங்கிக் கொடுத்தேன்.

இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலிச்சா இங்க வராதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"நாளைக்குப் போனா என்ன? ரொம்ப தூரம்" என்றார் வீட்டுக்காரர். நீங்கள் வீட்டுக்குப் போய் அப்பளம் பொரித்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. வழியெல்லாம் எனக்குப் பயம். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கு எதுக்குக் கொலஸ்ட்ரால்? நான் என்ன உன்னை மாதிரியா?"

"பல்லு மாடி ஏறும்போது மட்டும் வலிக்குமாக்கா? சாப்பிடும்போது வலிக்குதா?"

அக்கா சமையலறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"வர மாட்டேன், ரஞ்சி. டெஸ்ட் எடுத்து அதுல ஏதாவது வந்துச்சுன்னு வையி, குழுவுல என்ன பேசுவாங்க? பூவம்மா வெளிய சைவம், உள்ள அசைவம்னு சொல்வாங்க. இருபது வருஷ விரதம் லா. அந்தப் பேரைச் சுமந்துக்கிட்டு என்னால கோயில் படி ஏற முடியாது."

அப்போதுதான் புரிந்தது. இவளுக்குப் பயம் நோயைப் பற்றி இல்லை. என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்த அதே பேச்சைப் பற்றித்தான்.

"அக்கா, நான் ஒரு மாசம் சுத்த சைவம். எனக்கே ஏறியிருக்கு. நான் ஒளிச்சுத் தின்னேன்னு நீ நினைக்கிறியா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? நீ தின்னா ஊருக்கே சொல்லிக்கிட்டுல தின்ப."

"பார்த்தியா, என்னை நம்புற. அப்ப உன்னையும் நம்பு. கிளம்பு. நீ வராம நான் இங்கிருந்து நகர மாட்டேன். வேலைக்கும் போக மாட்டேன், வீட்டுக்கும் போக மாட்டேன்." பேசும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ செத்துப்போயிட்டா உன் பேரை வெச்சு நான் என்னக்கா செய்ய?"

அக்கா அடுப்பை அணைத்தாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். டாக்சியில் கடைசி வரை என் கையை விடவில்லை.

டாக்டர் யும்னா அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. இசிஜி எடுத்ததும் நேராக மருத்துவமனைக்குத்தான் அனுப்பினார். அங்கே இதயத்துக்குப் போகிற பெரிய குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்ததைக் கண்டுபிடித்து, ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று பெரிய டாக்டர் இழுத்தார். முழுசாகச் சொல்ல வேண்டாம் என்றேன்.

மூன்றாம் நாள் கோயில் குழுப் பெண்கள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். அவர்களில் மூத்தவர், அக்காவுக்கு அடுத்தபடியாகச் சைவத்தில் பேர் வாங்கியவர், கட்டிலருகே குனிந்து மெல்லக் கேட்டார். "நீங்க சைவமாச்சேம்மா. எப்படி? வெளிய எங்கயாச்சும், தெரியாம...?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வாய் வரைக்கும் வந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சைவம்தான்" என்றாள். குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "முருகன் மேல சத்தியமா சைவம். இருந்தும் அடைச்சுருச்சு. பொம்பளைக்கு மாசாமாசம் வர்றது நின்னா இது ஏறுமாம், சைவம் அசைவம் பார்க்காதாம். டாக்டர் சொன்னாங்க. சரி, உங்களுக்கு நின்னு எத்தனை வருஷமாச்சு?"

அந்த அம்மாள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "அது ஆச்சு, ஏழெட்டு வருஷம்."

"ரத்தம் டெஸ்ட் பண்ணிருக்கீங்களா?"

"எனக்கெதுக்கு? நான்தான் சைவமாச்சே."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ரஞ்சி, இவங்களை உன் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ."

நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.