காது மங்கிய படம்

சனிக்கிழமை அடக்கம். அதற்குள் புருஷனின் கடைசிப் படம் ஒன்று வேண்டும் என்று ஹில்மா கேட்டிருந்தாள். அவள் புருஷன் ஒஸ்மோ தபால்காரன். ஏப்ரல் மாதத்து ஏரியை நம்பலாமா? நம்பினான். உறைந்த ஏரியின் குறுக்கே நடந்து, பனிப்பாளம் உடைந்து உள்ளே போனான். அதைப் படம் பிடித்தவன் ஊர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரன் தாவ்னோ. ஃபிலிமைக் கழுவிப் பிரிண்டு போடுகிறவள் தாவ்னோவின் மனைவி கெர்த்து. பத்திரிகை ஆபீஸ் இருட்டறையில் பதினாறு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை.

தாவ்னோ சொன்ன கதை ஊருக்கே தெரியும். கரையில் கேமரா ஸ்டாண்டு போட்டு, நீள லென்ஸ் வைத்து அன்னங்களுக்காகக் காத்திருந்தானாம். முப்பது மீட்டர் தள்ளிப் பனி உடைந்ததாம். தொழில் புத்தியில் ஆறு தடவை அமுக்கிவிட்டு, ஓடிப் போய் ஆள் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்ததாம். "கடைசி வரைக்கும் உங்க வீட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாரும்மா" என்று ஹில்மாவிடம் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒரு வாரமாக நடமாடினாள்.

கெர்த்து படத்தில் ஒஸ்மோவின் முகத்தைப் பெரிதாக்கினாள். இமையில் படிந்த பனித்துகளை எண்ணலாம். காதோ கரைந்த சோப்பு மாதிரி இருந்தது. படத்தைப் பெரிதாக்கும் கருவியில் பிசகோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பிசகு அதில் இல்லை.

நீள லென்ஸானாலும் முப்பது மீட்டர் எட்ட நின்றால் கண்ணும் காதும் அதற்கு ஒன்றுதான், இரண்டும் தெளிவாக விழும். கிட்டே போகப் போகத்தான் லென்ஸ் கஞ்சனாகும். கண்ணுக்குக் கொடுத்தால் காதுக்குக் கொடுக்காது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவியா அவள்? தாவ்னோவின் நீள லென்ஸ், சின்ன லென்ஸ் இரண்டையும் முற்றத்துக்கு எடுத்துப் போய், அச்சுக்கோக்கும் அர்மாஸைப் பெட்டி மேல் உட்கார வைத்தாள்.

"காது தெரியணும், கொஞ்சம் திரும்புங்க."

"இந்த வயசுல என் காதுக்கு என்னம்மா திடீர் மவுசு?"

நீள லென்ஸில் முப்பது மீட்டரிலிருந்து அர்மாஸின் காது மயிர் உட்பட விழுந்தது. சின்ன லென்ஸை மாட்டி, ஃபிலிமில் ஒஸ்மோவின் முகம் இருந்த அளவு வரும்வரை கிட்டே போய், தூரம் வைக்கும் வளையத்தை ஒன்றரை மீட்டருக்குத் திருப்பி எடுத்தாள். கண் தெளிவு, காது கரைசல். ஒஸ்மோவின் காதேதான்.

சாயங்காலம் காபி ஊற்றும்போதே கேட்டுவிட்டாள்.

"ஒன்றரை மீட்டர்ல இருந்திருக்க, தாவ்னோ."

அவன் கோப்பையைத் தொடவில்லை. "பனி மேல குப்புறப் படுத்து ஊர்ந்துதான் போனேன். பனி விரிசல் விட்டுச்சு. அவன் என்னையும் இழுத்திருப்பான்."

"ஸ்டாண்டு இருந்துச்சே. நீட்டியிருக்கலாமே."

"பயந்துட்டேன் கெர்த்து."

"பயந்தவன் லென்ஸைக் கழட்டி மாத்துவானா? ஆறு படத்துலயும் கண்ணு மேல துல்லியமா நிக்குது. ஒண்ணுல கூட உன் கை ஆடல."

தாவ்னோ கோப்பையைத் தள்ளி வைத்தான். "ஹில்மாகிட்ட சொல்லாத. வீட்டப் பாத்துக்கிட்டே போனாருன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்" என்றான். பாவி, அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கெர்த்துவை இரண்டு நாள் சோறு தண்ணி இறங்காமல் அடித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஹில்மா வந்தாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"வீட்டத்தான பாக்குறாரு, அக்கா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பதினாறு வருஷக் குடித்தனமும் கூடவே வந்தது.

"இல்லம்மா. தாவ்னோவப் பாக்குறாரு. ஒன்றரை மீட்டர்ல இருந்தான்."

ஹில்மா அழவில்லை. "கை எட்டியிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஸ்டாண்ட நீட்டியிருந்தா எட்டியிருக்கும்."

படத்தைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள் ஹில்மா. கெர்த்து வாசல் வரை கூடப் போனாள். "நாளைக்குச் சவப்பெட்டி தூக்குற ஆறு பேர்ல அவனும் ஒருத்தன். வர வேணாம்னு சொல்லிடறேன்."

"வரட்டும்" என்றாள் ஹில்மா. "தலைமாட்டுப் பக்கம் புடிக்கட்டும். இப்பவாவது கை குடுக்கட்டும்."