சோடா ஓடை வேலியில் காய்ந்த தோல்கள்

1887 ஏப்ரல் 11 அன்று, வயோமிங் பிராந்தியத்தின் சோடா ஓடைக் கரையில், வாரன் பிரெண்டிஸ் பண்ணையின் முள்கம்பி வேலியில் நூற்று நாற்பது மாட்டுத்தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன.

அந்தக் குளிர் நவம்பரில் பிடித்தது, மார்ச் வரை விடவில்லை. பனி ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததில் புல்லின் மேல் கண்ணாடி போட்டது மாதிரி ஆகிவிட்டது. மாடுகள் அதை உடைக்கப் பார்த்துக் கால் கிழிந்து, வேலியோரம் வந்து ஒன்றை ஒன்று ஒட்டி நின்று, நின்றபடியே செத்தன. வெயில் வந்ததும் பள்ளங்கள் நாறின. பிரெண்டிஸ் ரயில் நிலையத்திலும் மதுக்கடையிலும் ஓர் அறிவிப்பை ஒட்டினார். தன் மாடுகளை யார் வேண்டுமானாலும் உரிக்கலாம். தோலில் பாதி உரித்தவருக்கு, எந்தப் பாதி என்பதும் உரித்தவர் இஷ்டம். கீழே அவர் கையெழுத்து இருந்தது.

உரிக்க வந்தவர்களில் ஒரே பெண் மெர்சி லட்லோ. அவள் கணவன் ஹைரம் லட்லோ அப்போது பிராந்தியச் சிறையில் கல் உடைத்துக்கொண்டிருந்தான். மாட்டுத் திருட்டுக்கு ஏழு ஆண்டு, நான்கு கழிந்திருந்தது. புகார் கொடுத்தவர் இதே பிரெண்டிஸ்.

லட்லோவின் சூட்டுக்குறி கூரை: மேலே கூடும் இரண்டு கோடு, அவ்வளவுதான். பிரெண்டிஸின் குறி வைரம். 1883 வசந்தத்தில் கணக்கெடுக்க மாடுகளைத் திரட்டியபோது, கூரைக்குறி போட்ட பதினோரு கன்றுகள் வைரக்குறி போட்ட பசுக்களிடம் பால் குடித்துக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தோம். மேய்ச்சல் வெளியில் இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. கன்று எந்தப் பசுவின் பின்னால் போகிறதோ, அந்தப் பசுவின் குறிக்காரன்தான் கன்றுக்கும் சொந்தக்காரன். வேறு குறி போட்டவன் திருடன்.

லட்லோ நீதிமன்றத்தில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"பசுவும் என்னோடதுதான் ஐயா. என் கூரைக்குக் கீழ யாரோ ரெண்டு கோடு இழுத்து வைரமாக்கியிருக்கான். ஒண்ணைக் கொன்னு தோலைத் திருப்பிப் பாருங்க. வெளியில முடி மறைச்சிடும். உள்பக்கம் மறைக்காது."

நீதிபதி பிரெண்டிஸைப் பார்த்தார். பிரெண்டிஸ் எழுந்து, "என் குறி போட்ட மாட்டைக் கொல்ல எனக்குச் சம்மதம் இல்லை" என்றார். அது அவர் உரிமை. குறிக்காரன் வாய் திறந்து சொல்லாமல் ஒரு மாட்டின் மேல் கத்தி வைப்பவனைத்தான் நாங்கள் திருடன் என்போம். தன் வழக்கில் ஜெயிக்கத் திருடன் இன்னொரு மாட்டையும் கேட்கிறான் என்று பின்பெஞ்சில் எவனோ சொன்னான். கூடம் சிரித்தது. ஜூரிக்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது.

சோடா ஓடையின் ஊற்று லட்லோவின் நிலத்தில் இருந்தது. அதை விலைக்குக் கேட்டுப் பிரெண்டிஸின் மேலாள் விர்ஜில் ஸ்டோக்ஸ் அதன்பின் மூன்று முறை வந்தான். மெர்சி விற்கவில்லை. வளர்த்த குதிரையையும் ஊற்றையும் வைத்துக்கொண்டு, ரயில்வே ஆட்களுக்குத் துணி துவைத்து நான்கு ஆண்டு ஓட்டினாள்.

உரிப்பதில் அவளுக்குக் கூட்டாளி பேடி கின்செலா, தண்டவாளம் போட வந்து இங்கேயே தங்கிவிட்ட ஐரிஷ்காரன். செத்த மாட்டின் தலையை இரும்புக் கம்பியால் தரையோடு அறைந்து, கழுத்தையும் காலையும் கீறி, பிடரித்தோலில் கயிறு கட்டிக் குதிரையை விட்டு இழுக்க வேண்டும். தோல் துணி கிழிகிற சத்தத்தோடு வந்துவிடும்.

"லட்லோம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றான் கின்செலா. "உங்க வீட்டுக்காரரை உள்ள தள்ளினவன் மாட்டையே வந்து உரிக்கிறீங்களே. எப்படி மனசு வருது?"

"நாலு வருஷமா கேட்டோம், ஒரு மாட்டுத் தோலைத் திருப்பிக் காட்டுன்னு. இப்ப நோட்டீஸ் ஒட்டிக் கூப்பிடறாரு. வராம இருப்பேனா?"

"அப்ப தோலுக்காக வரலையா நீங்க?"

"தோலுக்காகத்தான் வந்தேன். பேச்சு போதும், கயிறை இழு."

முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை. உரித்த தோலை உள்பக்கம் வெயில் படும்படி வேலியில் போடுவது வழக்கம், இல்லாவிட்டால் அழுகும். நான்காம் நாள் காலை, போட்ட தோல் ஒன்றை ஈ ஓட்டப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். வைரத்தின் மேல்பாதி வெள்ளையாக, தடித்து, கயிறு போல மேலெழுந்து இருந்தது. கீழ்ப்பாதி மெல்லிசாக, சிவந்து, நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது. கன்றில் போட்ட சூடு மாட்டோடு வளரும். வளர்ந்த மாட்டில் போட்ட சூடு வளராது. இது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"கின்செலா, இங்க வா. என் கண்ணு சொல்றதை நீ சொல்லு."

அவன் குனிந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பிறகு வேலியோரமாக நடந்து ஒவ்வொரு தோலாகத் தடவிப் பார்த்தான். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

"கூரை" என்றான். "இதுலயும் கூரை. அங்க அஞ்சு இருக்கு. லட்லோம்மா, அன்னிக்குக் கோர்ட்டுல பின்பெஞ்சுல பேசினவன் நான்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைக் கூட்டு சேர்த்தீங்க?"

"இழுக்கறதுக்கு ஆள் வேணுமே."

ஏப்ரல் 11 வரை அவர்கள் இருவரும் உரித்தவை நூற்று நாற்பது. அதில் முப்பத்து நான்கில் வெவ்வேறு வயதில் போட்ட இரண்டு சூடு இருந்தது. மெர்சி தன் பங்கை எடுக்கும்போது அந்த முப்பத்து நான்கையும் முதலில் எடுத்து வண்டியில் ஏற்றினாள். கூட, சுத்தமான வைரம் போட்ட தோல் இரண்டும்.

செய்தி பண்ணை வீட்டுக்குப் போக அரை நாள் ஆனது. மதியத்துக்கு மேல் ஸ்டோக்ஸ் இரண்டு ஆட்களோடு வந்தான். சேணத்தில் மண்ணெண்ணெய் டின் தொங்கியது.

"மெர்சி, தோல்ல நோய் இருக்காம். எரிக்கச் சொல்லி முதலாளி உத்தரவு."

அவள் வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்திருந்தாள். இரட்டைக்குழல் துப்பாக்கி மடியில் கிடந்தது.

"எந்தத் தோல்ல?"

"எல்லாத்துலயும்."

"பாதி முதலாளியோடது, வேலியில இருக்கு. தாராளமா எரிச்சுக்கோ. இது என் பாதி. எந்தப் பாதின்னு நான்தான் சொல்லணும்னு அவரே கையெழுத்துப் போட்டு ஸ்டேஷன்ல ஒட்டியிருக்காரு. போய்ப் படிச்சிட்டு வா. படிக்க வராதுன்னா ஸ்டேஷன் மாஸ்டர் படிச்சுக் காட்டுவாரு."

ஸ்டோக்ஸ் குதிரையை ஒரு அடி முன்னால் விட்டான். "பொம்பளைன்னு பார்க்க மாட்டேன்."

"பார்க்காதே. நானும் உன்னை மனுஷன்னு பார்க்கலை."

அக்கம்பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். பதினைந்து பதினாறு பேர் இருக்கும். முழங்கை வரை ரத்தம், கையில் உரிக்கும் கத்தி. கின்செலா, "டின்னு கனமா இருக்கும்போல ஸ்டோக்ஸ், இறக்கி வெச்சிட்டுப் போ. எங்களுக்கு விளக்குக்கு ஆகும்" என்றான். ஸ்டோக்ஸ் எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். குதிரையைத் திருப்பினான். டின்னைத் தரவில்லை.

மெர்சி அன்றே வண்டியை ஓட்டிக் மாவட்டத் தலைநகருக்குப் போனாள். தோல்களைத் திரும்ப யாரும் தொடக்கூடாது என்று நீதிபதியிடம் எழுதி வாங்கினாள். பழைய வழக்கை ஜூனில் மறுபடி எடுக்க அவர் ஒப்புக்கொண்டார்.

பிரெண்டிஸ் சும்மா இருக்கவில்லை. ஆளுநரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர் அவர். மே மாதம் ஒரு மன்னிப்பு ஆணை தயாரானது. லட்லோ கையெழுத்துப் போட்டால் அன்றே விடுதலை. வழக்கு அத்தோடு முடியும், ஜூனில் விசாரணை கிடையாது. மெர்சிக்கும் தகவல் போனது. அவள் ரயிலேறிச் சிறைக்கு வந்தாள்.

நான்கு ஆண்டில் லட்லோ பாதியாகியிருந்தான். கல்தூசு நெஞ்சில் இறங்கி, பேசினால் இருமல், சிரித்தால் இருமல். சிறை மருத்துவர் இன்னும் மூன்று ஆண்டு தாங்காது என்று மெர்சியிடம் தனியாகச் சொல்லியிருந்தார். கண்காணிப்பாளர் காகிதத்தையும் பேனாவையும் கம்பிக்கு உள்ளே நீட்டினார்.

லட்லோ இரண்டு முறை படித்தான்.

"இதுல 'அவன் செய்த குற்றத்தை மன்னித்து'ன்னு போட்டிருக்கு."

"எல்லாத்துலயும் அப்படித்தான்ப்பா போடுவாங்க" என்றார் கண்காணிப்பாளர்.

"எந்தக் குற்றத்தை?"

"லட்லோ" என்றார் அவர், "கதவு திறந்திருக்கு. முதல்ல வெளிய போ. கோபத்தை வெளிய வெச்சுக்கோ. ஜூன்ல ஜூரி என்ன சொல்லும்னு யாருக்குத் தெரியும்? அதே ஊர், அதே ஆளுங்க."

அது உண்மை. ஜூரி மறுபடியும் நம்பவில்லையென்றால் இன்னும் மூன்று ஆண்டு. மூன்று ஆண்டு என்றால் பிணமாகத்தான் வீடு. அவர் போனபின் லட்லோ மனைவியைப் பார்த்தான்.

"உன் கை என்ன இப்படி ஆயிருக்கு?"

"நூத்தி நாப்பது மாடு. உன் இருமல் கேட்டேன். வராந்தா வரைக்கும் கேக்குது."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு."

அவன் காகிதத்தை மடித்தான். "போட்டா நாளன்னைக்கு வீட்டுல இருப்பேன் மெர்சி. கடைக்குப் போனா, மன்னிச்சு விட்ட திருடன் வர்றான்னு ஒதுங்குவாங்க. என் குறியைப் பதிவேட்டுல மறுபடி ஏத்த மாட்டாங்க. நீ உரிச்சதெல்லாம் வெறும் தோலாப் போயிடும்." கொஞ்சம் இருமினான். "ஆனா நீ போடச் சொன்னா போடறேன். நாலு வருஷம் துணி துவைச்சவ நீ. உனக்கு அந்த உரிமை இருக்கு."

"சொல்ல மாட்டேன்."

"யோசிச்சு சொல்லு."

"ரயில்ல ஒன்பது மணி நேரம் யோசிச்சேன் ஹைரம். அந்தாளு முன்னாடி நீ தலை குனிஞ்சு நிக்கறதைப் பார்க்கறதுக்கா அவன் மாட்டை அத்தனையும் உரிச்சேன்? பேனாவை அவர்கிட்டயே குடு. மை காய்ஞ்சிடப்போகுது."

ஆணை கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனது.

ஜூன் 13 அன்று விசாரணை. லட்லோ கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தான். முப்பத்து ஆறு தோல்களையும் சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நாற்றத்துக்கு எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. ஜூரி பன்னிரண்டு பேரும் மாட்டுக்காரர்கள். மூன்று பேர் பழைய ஜூரியிலும் இருந்தவர்கள். பண்ணையில் சூடு போடுவது ஸ்டோக்ஸின் வேலை என்பதால் அவனையும் வழக்கில் சேர்த்திருந்தார்கள். அவன் வழக்கறிஞர், தோல் காயும்போது தழும்பு பாதி தடிக்கும், பாதி தடிக்காது, பார்வைக்கு ஏமாற்றும் என்றார்.

நீதிபதி மெர்சியைக் கேட்டார். "இதுக்கு நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"பார்வை ஏமாத்தும்னா கண்ணை மூடிக்கட்டும் ஐயா. தடவிப் பார்க்கட்டும். இதுல ரெண்டு தோல் மட்டும் அசல் வைரம். எந்த ரெண்டுன்னு நான் சொல்லலை. அவங்களே சொல்லட்டும்."

முதல் ஆளாக எழுந்தவர் பழைய ஜூரியின் தலைவர் எஸ்ரா மில்பர்ன், அறுபது வயது, இடக்கையில் இரண்டு விரல் கிடையாது. கழுத்துத்துணியை எடுத்துத் தானே கண்ணைக் கட்டிக்கொண்டார். சுவரோரமாக நடந்து கட்டைவிரலால் ஒவ்வொரு குறியையும் தடவினார். கூடத்தில் அவர் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. பதினேழாவது தோலில் நின்று, "இது பிரெண்டிஸோட மாடு" என்றார். இருபத்தொன்பதாவதில் மறுபடி நின்றார். "இதுவும்." கட்டை அவிழ்த்தார். ஸ்டோக்ஸைப் பார்க்கவில்லை, பிரெண்டிஸைப் பார்த்தார். "மத்ததெல்லாம் லட்லோவோடது. நான் ஒரு நல்லவனை உள்ள போட்டிருக்கேன்."

மற்ற பதினொரு பேரும் தடவினார்கள். ஒருவர் விரலும் தவறவில்லை.

ஸ்டோக்ஸ் எழுந்தான். "சூட்டுக்கம்பி என் கையில இருந்துச்சு. ஊத்து வேணும்னு கேட்டது யாருன்னு ஊருக்கே தெரியும்."

பிரெண்டிஸ், தான் அப்படிச் சொன்னதற்கு எழுத்தில் எதுவும் இல்லை என்றார். உண்மையில் இல்லை.

நீதிபதி விலங்கைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஹைரம் லட்லோ குற்றம் செய்யவில்லை, இந்த நீதிமன்றம் வருந்துகிறது என்று காகிதத்தைப் பார்த்தபடி வாசித்தார்.

லட்லோ எழுந்தான். இருமல் அடங்கும் வரை நின்றான்.

"ஐயா, அன்னிக்குத் திருடன்னு சொன்னப்ப எழுந்து நின்னு சொன்னீங்க. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுது. இதையும் அதே மாதிரி சொல்லிட்டா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

நீதிபதி காகிதத்தை மேஜையில் வைத்தார். பிறகு நாற்காலியைத் தள்ளி எழுந்தார். அவர் எழுந்ததும் கூடம் முழுக்க எழுந்தது. அதே வார்த்தைகளைத் தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். லட்லோ தலையசைத்தான். மெர்சி அவன் கையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் நடந்தாள். வழி விட்டவர்கள் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார்கள்.

ஸ்டோக்ஸுக்கு ஐந்து ஆண்டு. பிரெண்டிஸ் மேல் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. முப்பத்து நான்கு மாடுகளைத் திருப்பித் தரும்படி அவருக்கு உத்தரவாகியது. குளிருக்குத் தப்பியவற்றிலிருந்து இருபத்தொன்றைத் தந்தார். ஜூன் 14 அன்று கூரைக்குறி ஹைரம் லட்லோ, மெர்சி லட்லோ இருவர் பெயரிலும் மாவட்டப் பதிவேட்டில் ஏறியது.